பரணில் இருக்கும் இசைத்தட்டை கம்ப்யூட்டருக்கு மாற்றுவது எப்படி? இரைச்சலை நீக்கப் போய் தம்புராவை அழித்துவிடாதீர்கள்!

தாம்பரத்தை ஒட்டிய மாடம்பாக்கம், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுவது வழக்கமான காட்சி ஆகிவிட்டது. வீட்டைக் காலி செய்யும்போது பரணில் இருந்து இறங்கும் சாமான்களில் தாத்தாவின் இசைத்தட்டுகளும் இருக்கும். ‘ரெக்கார்டு பிளேயரே இல்லை, இதை வச்சு என்ன பண்றது?’ என்று பாதிப் பேர் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடுவார்கள். ‘எல்லாம் யூடியூப்ல இருக்கே’ என்பது மீதிப் பேரின் பதில்.

எல்லாம் இருக்கிறதா? பிரபலமான சினிமாப் பாட்டு இருக்கும். ஆனால் நாடகப் பாடல்கள், கதாகாலட்சேபம், நாகஸ்வரம், காமிக் தட்டுகள், பக்திப் பாடல்கள் என்று வெளிவந்தவற்றில் எத்தனையோ இன்னும் இணையத்துக்கு வரவில்லை. சில நேரம் உங்கள் கையில் இருப்பதே மிஞ்சியிருக்கும் சில பிரதிகளில் ஒன்றாக இருக்கலாம்.

நல்ல செய்தி: இதைப் பத்திரப்படுத்த ஸ்டுடியோ தேவையில்லை. ஒரு லேப்டாப், ஒரு டர்ன்டேபிள், ஒரு இலவச சாஃப்ட்வேர் போதும். கெட்ட செய்தி: அதே சாஃப்ட்வேரில் ஒரு பட்டனை அதிகமாக அழுத்தினால், இரைச்சலோடு சேர்ந்து பாட்டும் போய்விடும். குறிப்பாக நம் ஊர் இசைக்கு இந்த ஆபத்து அதிகம். எப்படி? படிப்படியாகப் பார்க்கலாம்.

முதலில், உங்களிடம் இருப்பது எந்தத் தட்டு?

எல்லா இசைத்தட்டும் வினைல் கிடையாது. கனமாக, கறுப்பாக, கீழே விழுந்தால் ஓடு போல உடையும் தட்டு என்றால், அது 78 ஆர்பிஎம் தட்டு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். அரக்குப் பிசினும் கல் தூளும் கலந்து செய்யப்பட்டது. 10 அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் பாட்டு.

லேசாக வளையக்கூடியது என்றால் அது வினைல். 12 அங்குல எல்பி 33⅓ வேகத்தில் சுற்றும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 நிமிடம். 7 அங்குலத் தட்டு பெரும்பாலும் 45 வேகம். எல்பி அமெரிக்காவில் 1948-லும், 45 வேகத் தட்டு 1949-லும் அறிமுகமாகின. இந்தியாவில் அதற்குப் பிறகும் நெடுநாள் 78 தட்டுகள் வந்துகொண்டிருந்தன. 1960-களில் பீட்டில்ஸ் பாடல்கள்கூட இங்கே 78 தட்டில் வெளியாகின. அதனால் ‘1960-களில் வந்த படம், எல்பியாகத்தான் இருக்கும்’ என்று முடிவு கட்ட வேண்டாம். லேபிளைப் பாருங்கள்.

இந்தத் தட்டுகளில் என்ன இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். நாடக மேடையைக் கலக்கிய எஸ்.ஜி.கிட்டப்பா 1933 டிசம்பரில், 27 வயதில் இறந்துபோனார். அவருடைய மனைவி கே.பி.சுந்தராம்பாள் பின்னர் சினிமாவுக்கு வந்தார், நாம் திரையில் பார்க்கிறோம். கிட்டப்பாவின் குரல் நமக்குக் கிடைத்திருப்பது 78 தட்டுகள் வழியாகத்தான். அந்தத் தட்டுகளை யாரும் வைத்திருக்காவிட்டால், அந்தக் குரல் வெறும் பெயராக மட்டும் நின்றிருக்கும்.

ஏவி.எம். நிறுவனர் ஏ.வி.மெய்யப்பன் சினிமாவுக்கு முன் இறங்கியதும் இந்தத் தொழிலில்தான். நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் கம்பெனி தட்டுகளை விற்றது. இன்றும் தமிழ்நாட்டு வீடுகளில் இந்த லேபிள் உள்ள தட்டுகள் கிடைக்கலாம்.

தட்டைத் துடைக்கும் முன் ஒரு நிமிடம்

ஐப்பசி, கார்த்திகை மழையைப் பல வருடம் பார்த்த பரணில் இருந்த தட்டு என்றால், வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படியே ஊசியை வைத்தால் அழுக்கு பள்ளத்துக்குள் இன்னும் ஆழமாக இறங்கும்.

வினைல் தட்டுக்கு: டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து, பள்ளம் போகும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். நடுவில் இருந்து விளிம்பை நோக்கி இழுக்கக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் ஒருமுறை துடைத்து, நிழலில் நிறுத்தி வைத்துக் காயவிடலாம். வெயிலில் வைத்தால் தட்டு நெளிந்துவிடும். லேபிளில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

78 தட்டுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை: ஸ்பிரிட், சானிடைசர், ஆல்கஹால் கலந்த கிளீனர் எதுவும் பக்கத்திலேயே வரக் கூடாது. மர வேலைக்காரர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் பிரெஞ்சு பாலீஷ் போடுகிறார்கள். அதே அரக்குதான் இந்தத் தட்டிலும் இருக்கிறது. ஸ்பிரிட் பட்டால் பாட்டும் கரைந்துவிடும்.

என்னென்ன தேவை?

டர்ன்டேபிள்: பழைய ஹெச்எம்வி ஃபியஸ்டா போன்ற பெட்டி பிளேயர் வீட்டிலேயே இருக்கலாம். அதன் ஊசி தேய்ந்திருந்தால் தட்டைச் சுரண்டும். ஊசியை மாற்றாமல் அதில் போட வேண்டாம். சாவி கொடுத்துச் சுற்றும் பழைய கிராமபோனில் எல்பியை வைக்கவே கூடாது. அதன் இரும்பு ஊசியும் சவுண்ட் பாக்ஸ் எடையும் வினைலைக் கிழித்துவிடும்.

ஊசி: 78 தட்டின் பள்ளம் எல்பி பள்ளத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்பி ஊசியின் முனை 18 முதல் 25 மைக்ரான் வரை. 78-க்கு சுமார் 65 முதல் 75 மைக்ரான் வேண்டும். எல்பி ஊசியை 78 தட்டில் வைத்தால், அது பள்ளத்தின் அடியில் கிடந்து ஆடும். வருவது பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு 78 ஊசி தனியாகக் கிடைக்கிறது.

ஃபோனோ ப்ரீஆம்ப்: இதை விட்டுவிட்டு நேராக லேப்டாப்பில் சொருகுபவர்கள் ‘என்ன இது, பேஸே இல்லாம கீச்சுன்னு கேக்குது’ என்று குழம்புவார்கள். காரணம் இருக்கிறது. பேஸ் ஒலிக்குப் பள்ளம் அகலமாக வளையும், தட்டில் இடம் தின்னும். அதனால் தட்டில் வெட்டும்போது பேஸைக் குறைத்து, ட்ரெபிளை ஏற்றிவிடுவார்கள். கேட்கும்போது ப்ரீஆம்ப் அதைத் திருப்பிப் போட்டுச் சரி செய்யும். 1950-களின் நடுவில் இதற்கு ஆர்ஐஏஏ என்ற பொது அளவு வந்தது. 20 ஹெர்ட்ஸிலும் 20 ஆயிரம் ஹெர்ட்ஸிலும் இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 20 டெசிபெல். சின்ன வித்தியாசம் இல்லை.

யுஎஸ்பி டர்ன்டேபிள்களில் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும். மற்றவற்றுக்குத் தனி ப்ரீஆம்பும், ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸும் தேவை.

சாஃப்ட்வேர்: ஆடாசிட்டி. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்து, 2000-ல் வெளியான இலவச மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவை

இது மைக்கில் செய்யும் பதிவு இல்லை. ஊசியில் இருந்து வரும் மின் சிக்னல்தான் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அதனால் தெருவில் ஹாரன் அடித்தாலோ, தாம்பரம் விமானப்படைத் தளத்தின் விமானம் தலைக்கு மேல் போனாலோ பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஆனால் மேசை அதிர்ந்தால் ஊசிக்குத் தெரியும். டர்ன்டேபிளை ஆடாத மேசையில் வையுங்கள். பதிவின்போது ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

‘ம்ம்ம்’ என்ற ரீங்காரம் வருகிறதா? அது 50 ஹெர்ட்ஸ் மின்சார ஹம். டர்ன்டேபிளில் இருந்து வரும் எர்த் ஒயரை ப்ரீஆம்பின் திருகில் மாட்டினாலே பெரும்பாலும் போய்விடும். போகவில்லை என்றால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள்.

ஒலி அளவு: தட்டின் மிகச் சத்தமான இடத்தில்கூட மீட்டர் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்புக்குப் போய்விட்டால் அந்த இடத்தில் ஒலி வெட்டுப்படும், பிறகு மீட்க முடியாது. குறைவாக இருந்தால் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம்.

தரம்: ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமான ஐஏஎஸ்ஏ, 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ் என்று சொல்கிறது. 96 கிலோஹெர்ட்ஸ் இன்னும் நல்லது என்பது அதன் பரிந்துரை. 40 நிமிட எல்பி ஒன்று 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் சுமார் 1.4 ஜிபி வரும். அதே எல்பி 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆனால் 100 எம்பிக்குள் அடங்கிவிடும். ‘அப்ப எம்பி3லயே எடுத்துடலாமே’ என்று தோன்றும். எம்பி3, காதுக்குத் தெரியாது என்று அது நினைக்கும் பகுதிகளை எறிந்துவிட்டுத்தான் ஃபைலைச் சுருக்குகிறது. போனது திரும்ப வராது. மூலப் பதிவை வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் வைத்துக்கொண்டு, போனில் கேட்க மட்டும் எம்பி3 எடுக்கலாம். ஃப்ளாக் எதையும் எறியாமலே ஃபைலை ஓரளவு சுருக்கும்.

78 வேகம் இல்லாத டர்ன்டேபிள் என்றால்?

இன்று விற்கும் பல டர்ன்டேபிள்களில் 33⅓, 45 மட்டும்தான் இருக்கும். அதற்கும் வழி உண்டு. 78 ஊசியை மாட்டி, 45 வேகத்தில் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். பாட்டு இழுத்து இழுத்துக் கேட்கும், பரவாயில்லை. ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் எஃபெக்டில் ‘45-ல் இருந்து 78’ என்று தேர்வு செய்யும் வசதியே இருக்கிறது. பாட்டு சரியான வேகத்துக்கு வந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ப்ரீஆம்ப் போட்ட ஆர்ஐஏஏ திருத்தம், வேகத்தை மாற்றியதும் இடம் தவறிவிடும். 1950-களின் நடுப்பகுதிக்கு முந்தைய 78 தட்டுகள் ஆர்ஐஏஏ அளவில் வெட்டப்பட்டவையும் இல்லை. எனவே வேகத்தை மாற்றும் முன்பே, ஃபில்டர் கர்வ் ஈக்யூவில் ஆர்ஐஏஏ வளைவைத் தலைகீழாகப் போட்டு அந்தத் திருத்தத்தை எடுத்துவிட வேண்டும். வேகத்தை மாற்றிய பிறகு பேஸ், ட்ரெபிளைக் காதால் கேட்டுச் சரிசெய்யலாம்.

இன்னொன்று சுருதி. 78 என்று பெயர் இருந்தாலும் பழைய தட்டுகள் எல்லாம் துல்லியமாக 78-ல் பதிவானவை இல்லை. மின்சாரப் பதிவு வந்த 1925-க்கு முந்தையவற்றில் வித்தியாசம் இன்னும் அதிகம். வேகம் சுமார் 6 சதவீதம் கூடினால் பாடுபவர் அரைக் கட்டை மேலே போய்விடுவார். ‘அந்தக் காலத்துல எல்லாரும் எவ்ளோ உச்சத்துல பாடியிருக்காங்க!’ என்று வியக்கும் முன், வேகம் சரியா என்று பார்ப்பது நல்லது. போனில் ஒரு தம்புரா ஆப்பைப் போட்டு, சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நிற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி நின்றால் வேகத்தைச் சந்தேகிக்கலாம். உறுதியாகத் தெரியாதபோது, எந்த வேகத்தில் எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள்.

இப்போது எடிட்டிங். ஆபத்து இங்கேதான்!

பதிவு முடிந்ததும் அந்த ஃபைலுக்கு ‘மூலம்’ என்று பெயர் வைத்து, தனி ஃபோல்டரில் பூட்டிவிடுங்கள். அதில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது. எடிட்டிங் எல்லாம் அதன் நகலில்தான்.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை? சாஃப்ட்வேருக்குப் பாட்டு தெரியாது. அலைகளின் வடிவம்தான் தெரியும்.

கிளிக் நீக்கி எப்படி வேலை செய்கிறது? திடீரென்று எழுந்து, மிகக் குறுகிய நேரத்தில் அடங்கும் ஒலியைக் கீறல் என்று முடிவு செய்கிறது. மிருதங்கத்தின் வலந்தலையில் விழும் அடியும், கடம், கஞ்சிராவின் தட்டும், ஜதி சொல்லும்போது வரும் ‘த’, ‘கி’, ‘ட’ எழுத்துகளும் அதே மாதிரிதான் எழுந்து அடங்கும். அளவை முரட்டுத்தனமாக வைத்தால் தனி ஆவர்த்தனம் தலையணைக்குள் அடித்த மாதிரி ஆகிவிடும்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் எப்படி வேலை செய்கிறது? ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும் ஒலியை இரைச்சல் என்று கற்றுக்கொண்டு குறைக்கிறது. கச்சேரியில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருப்பது எது? தம்புரா. சுருதிப் பெட்டி. நாகஸ்வரத்தின் பின்னால் ஒத்து. பாட்டு தொடங்கிய பிறகுள்ள இடைவெளியை மாதிரியாகக் காட்டினால், சாஃப்ட்வேர் தம்புராவையும் சேர்த்து அழித்துவிடும்.

என்ன செய்யலாம்?

இரைச்சல் மாதிரியை, ஊசி இறங்கி இசை தொடங்குவதற்கு முன் உள்ள ஓரிரு விநாடியில் இருந்து மட்டும் எடுங்கள். அங்கே தம்புரா இருக்காது.

குறைக்கும் அளவை 6 டெசிபெல்லில் தொடங்குங்கள். மொத்தமாக நீக்கப் பார்த்தால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலக் கேட்கும்.

ஆடாசிட்டியின் நாய்ஸ் ரிடக்‌ஷனில் ‘ரெசிட்யூ’ என்று ஒரு தேர்வு உண்டு. எதை நீக்கப் போகிறதோ அதை மட்டும் போட்டுக் காட்டும். அதில் வெறும் ‘உஸ்ஸ்’ கேட்டால் சரி. பாடகரின் குரலோ தம்புராவோ லேசாகக் கேட்டால் அளவைக் குறைக்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்தாலே பாதித் தவறுகளைத் தவிர்க்கலாம்.

பெரிய கீறல்களை ஒவ்வொன்றாக, ‘ரிப்பேர்’ எஃபெக்டில் கையாலேயே சரிசெய்யலாம். ஒரு நேரத்தில் 128 சாம்பிள் வரைதான் அது எடுத்துக்கொள்ளும், அதாவது ஓரிரு மில்லி விநாடி. நேரம் ஆகும், ஆனால் மிருதங்கம் தப்பிக்கும்.

78 தட்டுகளும் பழைய எல்பிகள் பலவும் மோனோ. ஸ்டீரியோவில் பதிவு செய்து, பிறகு இரண்டு சேனலையும் சேர்த்து மோனோ ஆக்கினாலே, ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் கணிசமாக அடங்கும். பாட்டுக்கு எந்தச் சேதமும் இல்லாத சுத்தம் இது.

இன்னொரு விஷயம், ஆரம்பத்தையும் முடிவையும் ஒட்ட வெட்டாதீர்கள். இந்தியாவின் முதல் இசைத்தட்டு நட்சத்திரமான கௌஹர் ஜான், 1902-ல் கல்கத்தாவில் பாடியபோது பாட்டின் முடிவில் தன் பெயரைச் சொன்னார். பதிவுகள் ஜெர்மனிக்குப் போய்த்தான் தட்டாகும். பாடியது யார் என்று அங்கே உள்ளவர்களுக்குத் தெரிய வேண்டும். ஆரம்ப காலத் தட்டுகள் பலவற்றில் இப்படி அறிவிப்பு உண்டு. ‘பாட்டு முடிஞ்சிருச்சு’ என்று வெட்டினால் பெயர் போய்விடும்.

ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது?

‘டிராக் 01’ என்று வைத்தால் பத்து வருடம் கழித்து யாருக்கும் பயனில்லை. பாடியவர், பாடல், ராகம், கம்பெனி, தட்டு எண் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பழைய பெயர்களை ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் இரண்டும் இருந்தால்தான் தேடும்போது கிடைக்கும். லேபிளை இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். லேபிளைச் சுற்றியுள்ள வெற்றிடத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் விடாதீர்கள். அதுதான் மேட்ரிக்ஸ் எண். எந்தப் பதிவு என்று அடையாளம் காண ஆய்வாளர்கள் முதலில் தேடுவது அதைத்தான்.

பாட்டின் வரி புரியவில்லை, யார் எழுதியது என்று தெரியவில்லை என்றால், தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்களின் பெரிய தொகுப்பு இருக்கிறது. மாடம்பாக்கத்தில் இருந்து வேளச்சேரி வழியாகப் போய்வரக்கூடிய தூரம்தான்.

யூடியூபில் போடலாமா?

சொந்தத் தட்டை மாற்றி வீட்டில் கேட்பது வேறு, ஊருக்குப் போட்டுக் காட்டுவது வேறு. தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுதலுக்கு, 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருகிறது. இணையத்தில் ஏற்றுவது அதில் அடங்காது.

ஒலிப்பதிவின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இருந்து 60 ஆண்டுகள். 1964-ல் வெளியான தட்டு என்றால் 2024 முடிவோடு உரிமை முடிந்தது. ஆனால் பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தனி உரிமை உண்டு. அது அவர்கள் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை நீடிக்கும். பாபநாசம் சிவன் 1973-ல் காலமானார். 1940-களின் தட்டாகவே இருந்தாலும், அவருடைய பாடல்களுக்கு 2033 முடியும் வரை பாதுகாப்பு இருக்கிறது. தட்டு பழசு என்பதாலேயே பாட்டும் பொதுச்சொத்து ஆகிவிடாது.

மாற்றியாச்சு, இனி தட்டை எறிந்துவிடலாமா?

வேண்டாம். ஃபைலை லேப்டாப், வெளி ஹார்டு டிஸ்க், கிளவுட் என்று மூன்று இடத்தில் வைத்தாலும் தட்டுதான் மூலம். இன்று நீங்கள் எடுத்ததைவிட நல்ல ஊசி, நல்ல கருவி நாளை வரலாம்.

மும்பையில் செயல்படும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர்கள் சங்கம், ‘யங் இந்தியா’ என்ற பழைய உள்நாட்டு லேபிளின் தட்டுகளைப் பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் கீழ் டிஜிட்டலுக்கு மாற்றியது. எழுத்தாளர் விக்ரம் சம்பத் தொடங்கிய ‘ஆர்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக்’கும் பழைய தட்டுகளை மாற்றி இணையத்தில் கேட்கக் கொடுத்தது. இந்த வேலைகள் எல்லாம் நடந்ததற்குக் காரணம், தனிநபர்கள் பலர் தட்டுகளை எறியாமல் வைத்திருந்ததுதான்.

உடைந்த தட்டுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான ‘ஐரீன்’ என்ற முறை, ஊசியே படாமல் பள்ளங்களைப் படம் எடுத்து, அதில் இருந்து ஒலியை மீட்கிறது. விரிசல் விட்ட தட்டுகளைக்கூட அதில் கேட்க முடிந்திருக்கிறது. அதனால் துண்டுகளையும் ஒரு கவரில் போட்டுப் பெயர் எழுதி வையுங்கள். நல்ல தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி, ஈரமும் வெயிலும் படாத அலமாரியில் வைத்தால் போதும்.

நூறு தட்டு இருக்கிறதே என்று மலைக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தட்டை எடுத்து, லேபிளை போட்டோ எடுத்து, அந்தப் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள். எங்குமே கிடைக்கவில்லையா? முதலில் பதிவு செய்ய வேண்டிய தட்டு அதுதான்.